இலையில் வெள்ளிக்கோடா, கொப்புளமா, சுருளா? கொல்லை மரங்களின் இலைத்துளைப்பானை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கொல்லைகளில் தென்னை நின்ற இடமெல்லாம் வெட்டவெளியாகிவிட்டது. அந்த வெறுமையைப் பார்க்கப் பொறுக்காமல், அடுத்த மழைக்கே ஆளுக்கு நான்கைந்து எலுமிச்சை, ஒரு நார்த்தை, ஒரு ஒட்டு மா என்று நட்டோம். கன்று வேர்பிடித்துத் துளிர்த்ததும் தெருவில் எல்லார் கையிலும் ஒரே மாதிரி இலை. நத்தை ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து ஒரு வெள்ளிக்கோடு, ஓரம் சுருண்டு, நுனி கோணி. அன்றிலிருந்து இன்றுவரை வருடத்திற்கு இரண்டு மூன்று முறையாவது யாராவது ஒருவர் அந்த இலையைக் கொண்டுவந்து திண்ணையில் வைக்கிறார். இந்தக் குறிப்பு அந்த இலைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்தது. உங்கள் மரத்தில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்பிலிருந்து படிக்கத் தொடங்கலாம். கீழே உள்ள சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எதற்கும் முன்பு: இலையை வெயிலுக்கு எதிரே பிடியுங்கள்

காலை எட்டு ஒன்பது மணி வெயில் போதும். இலையின் காம்பைப் பிடித்துச் சூரியன் பக்கம் தூக்கி, அடிப்புறத்திலிருந்து பாருங்கள். இலைத்துளைப்பான் புழு இலையைக் கடித்துத் தின்பதில்லை. இலையின் மேல்தோலுக்கும் சதைக்கும் நடுவில் புகுந்து, உள்ளேயே குடைந்துகொண்டு போகிறது. அதனால் அது போன பாதை வெளிச்சத்தில் கண்ணாடித்தாள்போலத் தெரியும். பாதையின் நடுவில் பென்சிலால் கிறுக்கியதுபோல ஒரு மெல்லிய கருங்கோடு ஓடும். அது புழுவின் எச்சம். பாதை ஒரு முனையில் நூல்போல ஆரம்பித்து, போகப் போக அகலமாகும். அகலமான முனையில்தான் ஆள் இருப்பான்.

இப்போது கட்டைவிரல் நகத்தால் அந்தக் கோட்டை மெதுவாகச் சுரண்டுங்கள். வெங்காயத்தின் உள்தோல்போல ஒரு மெல்லிய சவ்வு உரிந்து வந்தால் அது இலைத்துளைப்பான். உரியாமல் இலை மட்டும் கீறினால், புள்ளி சொரசொரப்பாக இருந்தால், வெள்ளை மாவு விரலில் ஒட்டினால், காரணம் வேறு. இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் உரக்கடைக்குப் போய் "இலை சுருளுகிறது, மருந்து கொடுங்கள்" என்று கேட்டவர்கள் எல்லாரும் தவறான மருந்தோடுதான் திரும்பி வந்திருக்கிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

அறிகுறி 1: எலுமிச்சை, நார்த்தை, கொழிஞ்சி, கறிவேப்பிலைத் துளிரில் வளைந்த வெள்ளிக்கோடு

இதுதான் நம் பக்கத்தில் மிகுதி. இது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு. அந்துப்பூச்சி இரண்டு மில்லிமீட்டர்தான், வெள்ளி நிறம், இறக்கை நுனியில் ஒரு கரும்புள்ளி. பொழுது சாய்ந்த பிறகு பறக்கிறது என்பதால் பகலில் தேடினால் கிடைக்காது. முற்றிய இலையில் முட்டையிடாது. இளந்துளிர்தான் அதற்கு வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. கோடு விழுந்த இலையைக் காப்பாற்ற முடியாது. அடுத்து வரும் துளிரைக் காப்பாற்ற முடியும்.

கோட்டின் அகலமான முனையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

*வெளிர்மஞ்சள் நிறத்தில் மூன்று மில்லிமீட்டர் நீளப் புழு இருக்கிறது.* தாக்குதல் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. புழு இருக்கும் இடத்தை இரண்டு விரலால் அழுத்தினால் செத்துவிடும். ஐந்தாறு கன்றுதான் என்றால், காலையில் பத்து நிமிடம் செலவழித்து ஒவ்வொரு துளிராக நசுக்கிவிடுவதைப்போல ஒரு மருந்து கிடையாது. இலை அப்படியே இருக்கட்டும்.

*கோடு காலியாக இருக்கிறது, அது முடியும் இடத்தில் இலை ஓரம் சிறு மடிப்பாக மடிந்திருக்கிறது.* மடிப்பை ஊசியால் பிரித்தால் பட்டுநூலுக்குள் பழுப்புநிறக் கூட்டுப்புழு இருக்கும், அல்லது வெற்றுக்கூடு இருக்கும். கூட்டுப்புழு இருந்தால் அந்த மடிப்பை மட்டும் நசுக்குங்கள். வெற்றுக்கூடு என்றால் பூச்சி பறந்துவிட்டது. அந்த இலைக்கு மருந்தடிப்பது பணத்தை வாய்க்காலில் விடுவதற்குச் சமம்.

*கோட்டுக்குள் புழுவுக்குப் பதில் கரியநிறத்தில் ஒரு சிறு கூடு, பக்கத்தில் கரிய துணுக்குகள்.* சந்தோஷப்படுங்கள். இது குளவி இனத்து ஒட்டுண்ணி. நம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறிய குளவி, புழுவின்மேல் முட்டையிட்டு அதைத் தின்றே வளர்ந்திருக்கிறது. பத்து கோட்டில் நாலைந்து இப்படி இருந்தால் கையை வைக்காதீர்கள். நீங்கள் அடிக்கும் எந்த வீரியமான மருந்தும் முதலில் கொல்லப்போவது இந்தக் குளவியைத்தான்.

ஏன் வந்தது: செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்

தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அது தள்ளிப்போகும் வருடங்களும் உண்டு. எப்போது திறந்தாலும், வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்ததும் குறுவைக்குப் பாய்ச்சும் கையோடு கொல்லைக்கும் மடை திருப்பிவிடுகிறோம். கோடையெல்லாம் காய்ந்து கிடந்த எலுமிச்சை ஒரே வாரத்தில் தலைநிறையத் துளிர்விடும். பூச்சிக்கு அது பந்தி விரித்ததுபோல. கோடையிலும் வாரத்திற்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கண்ட மரம் இப்படித் திடீரென்று வெறிபிடித்துத் துளிர்ப்பதில்லை. நம் களிமண்ணில் எலுமிச்சைக்கு நீர் தேங்கினால் வேர் அழுகும் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. பாத்தி கட்டுங்கள், ஆனால் தண்டைச் சுற்றி ஒரு முழம் மேடாக விடுங்கள்.

யூரியா. நெல்லுக்குப் போட்டது போக மீந்த அரை மூட்டையை எலுமிச்சைக்குக் கொட்டும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. தழைச்சத்து ஏறினால் துளிர் கொழுகொழுவென்று, மெல்லிய தோலோடு, வரிசை இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். பூச்சியும் வரிசை இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். யூரியாவை நிறுத்தித் தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் மட்டும் போட்ட வருடத்தில் என் மரங்களில் கோடு பாதியாகக் குறைந்ததை நான் கண்ணால் கண்டேன்.

கவாத்து. மழைக்கு முன்பு ஆசையாகக் கிளை கழித்துவிட்டால், வெட்டிய இடமெல்லாம் துளிர்க்கும். கவாத்தை அறுவடை முடிந்து, வறண்ட நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடித்தண்டிலிருந்தும் கிளைக்கவையிலிருந்தும் நெட்டுக்குத்தாக வளரும் போத்துகளை எந்த மாதத்திலும் வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். அவை காய்க்காது, வருடம் முழுக்கப் பூச்சியை வளர்த்துக் கொடுக்கும். வெட்டியதை மரத்தடியில் போடாமல் பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள்.

கன்றோடு வந்தது. நாற்றங்காலில் எப்போதும் துளிர் இருக்கும், ஆகவே எப்போதும் பூச்சி இருக்கும். வாங்கும்போதே நுனி இலைகளை வெயிலுக்குக் காட்டிப் பாருங்கள். கோடு இருந்தால் வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் உள்ள கன்றுகளுக்குப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு வாரம் தனியே வைத்து, புழுவை நசுக்கிவிட்டு நடுங்கள்.

மரம் எத்தனை வயது?

நான்கு வயது தாண்டிய, காய்க்கிற மரம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உண்மையாகவே ஒன்றும் வேண்டாம். கோடு விழுந்த துளிர் பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் மரத்தின் பழைய இலைகள் எத்தனையோ ஆயிரம் இருக்கின்றன, அவை மரத்தைக் காப்பாற்றும். காய் குறைவதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

நான்கு வயதுக்குள் இருக்கும் கன்றுக்குத்தான் கவனம் தேவை. அதற்கு மொத்தமே அறுபது எழுபது இலை. அதில் பாதி சுருண்டால் வளர்ச்சி ஒரு பருவம் பின்தங்கும்.

இங்கே ஒரு தவறை மட்டும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் கோடு விழுந்த இலையை எல்லாம் ஒன்றுவிடாமல் கிள்ளி எடுத்துவிட்டு, "நோயை வேரோடு எடுத்துவிட்டேன் தம்பி" என்று வந்து சொன்னார். ஒன்றரை வயதுக் கன்று மொட்டையாக நின்றது. பத்து நாளில் கன்று தன் சேமிப்பை எல்லாம் செலவழித்துப் புதுத் துளிர் விட்டது. அத்தனை துளிரிலும் மறுபடி கோடு. சுருண்ட இலையிலும் பச்சை இருக்கிறது, அது கன்றுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கன்றில் இலையைக் கிள்ளாதீர்கள். புழுவை மட்டும் நசுக்குங்கள்.

நசுக்கி மாளவில்லை: வேப்பங்கொட்டைக் கரைசல்

இருபது முப்பது கன்று என்றால் விரல் போதாது. அப்போது தெளிப்பு. காலம்தான் இதில் முக்கியம்: துளிர் கட்டைவிரல் நக நீளம் வந்ததும் முதல் தெளிப்பு, பிறகு ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை, இலை தடித்துக் கரும்பச்சை ஏறும்வரை. கோட்டைக் கண்ட பிறகு ஆரம்பிப்பது தாமதம்.

பத்து லிட்டருக்கு அரை கிலோ வேப்பம்பருப்பு. கொட்டை பொறுக்கி மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்கிவிடுங்கள். உரலில் ஒன்றிரண்டாக இடித்து, துணியில் மூட்டையாகக் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் மூட்டையைத் தண்ணீருக்குள்ளேயே பிழிந்து பிழிந்து விடுங்கள். முதல் பிழிவு பசும்பால்போல வரும், வாசனை மூக்கைத் துளைக்கும். மூட்டையிலிருந்து வரும் தண்ணீர் தெளியும்வரை பிழிய வேண்டும். வடிகட்டிப் பத்து லிட்டராக்கி, இருபது கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் எலுமிச்சை இலையின் மினுமினுப்பில் கரைசல் முத்துமுத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். சோப்பு சேர்த்தால் இலைமேல் படர்ந்து நிற்கும். ஒரு இலையில் தெளித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மாலை நான்கு மணிக்கு மேல் தெளியுங்கள். வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் அழிகிறது. துளிரின் அடிப்பக்கம் நனைய வேண்டும், ஏனென்றால் முட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கரைசலை அன்றன்றைக்குச் செய்து அன்றே முடித்துவிடுங்கள். மறுநாள் வைத்தால் பலன் குறையும்.

வேப்பம்பருப்பு கிடைக்காத மாதத்தில் வேப்பெண்ணெய். லிட்டருக்கு முப்பது மில்லி வரை சொல்வார்கள். இளந்துளிருக்கு நான் பத்து மில்லிக்கு மேல் போவதில்லை, சோப்புக் கரைத்துத்தான். முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். நுனி கருகினால் அளவைக் குறையுங்கள்.

கறிவேப்பிலைக்கு வேம்பைத் தாண்டி வேறு எதுவும் வேண்டாம். அந்த இலை நேராக நம் தாளிப்புக் கரண்டிக்குப் போகிறது.

அறிகுறி 2: மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். வரிசையாக நான் கேட்கும் கேள்விகளை அப்படியே தருகிறேன்.

எப்போது அடித்தீர்கள்? கோடு தெரிந்த பிறகு என்றால், புழு தோலுக்குள் பத்திரமாக இருக்கும்போது வெளியே அடித்திருக்கிறீர்கள்.

அடித்த பிறகு மழை பெய்ததா? ஐப்பசி அடைமழையில் காலையில் அடித்தது மதியம் வாய்க்காலில் இருக்கும். அந்த மாதத்தில் நான் தெளிப்பதே இல்லை. இரண்டு நாள் வெயில் காய்ந்தால் விரலால் நசுக்குவதோடு சரி.

இலையின் அடிப்பக்கம் நனைந்ததா? தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேலாகப் பிடித்தால்தான் நனையும். கையடக்கத் தெளிப்பானை நிமிர்த்திப் பிடித்து மேலே மேலே அடித்தவர்கள் பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள்.

என்ன மருந்து? கடையில் கொடுத்த வீரியமான பூச்சிக்கொல்லியை மாதம் இருமுறை அடித்து, ஒவ்வொரு முறையும் தாக்குதல் கூடியது என்றால், அந்தப் புழுவுக்கு எதிரிகளான குளவியையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் சிலந்தியையும் நீங்கள் கொன்றுவிட்டீர்கள். ஒரு பருவம் முழுக்க நிறுத்துங்கள். முதல் துளிர் மோசமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் மூன்றாவது துளிருக்குள் கரிய கூடுகள் தெரியத் தொடங்கிவிடும்.

வேரில் ஊற்றும் ஊடுருவு மருந்து பற்றி ஒரு வார்த்தை. இமிடாகுளோபிரிட் வகை மருந்து வேர்வழி ஏறித் துளிர்வரை போய்ப் புழுவைக் கொல்லும் என்பது உண்மை. அதே மருந்து பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகிறது, தேனீக்கும் போகிறது. நம் வீடுகளில் எலுமிச்சை பெரும்பாலும் கிணற்றடியில்தான் நிற்கும். அடிபம்பில் வரும் தண்ணீரும் அதே மண்ணுக்குள் இருந்துதான் வருகிறது. குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதை ஊற்றவே கூடாது. பூக்கும் மரத்திலும் கூடாது. நாற்றங்கால் வைத்திருப்பவர், காய்ப்புக்கு வராத நூற்றுக்கணக்கான கன்று வைத்திருப்பவர், தோட்டக்கலை அலுவலரிடம் அளவு எழுதி வாங்கிக்கொண்டு, உறையில் அச்சிட்டபடி பயன்படுத்தலாம். வீட்டுக் கொல்லைக்கு அது தேவையில்லாத விஷம்.

அறிகுறி 3: கோட்டோடு சேர்ந்து பழுப்புநிறச் சொறி, சுற்றி மஞ்சள் வளையம்

இதைக் கண்டால் வேகமாகச் செயல்படுங்கள். இது சொறிநோய், பாக்டீரியாவால் வருவது. புழு குடைந்த காயம் அதற்குத் திறந்த கதவு. விரலால் தடவினால் இரண்டு பக்கமும் தக்கைபோலச் சொரசொரக்கும். நாட்டு எலுமிச்சைக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. நார்த்தை கொஞ்சம் தாங்கும்.

வறண்ட நாளாகப் பார்த்துச் சொறி உள்ள குச்சிகளை ஒரு சாண் கீழே தள்ளி வெட்டி எரித்துவிடுங்கள். மழையில், பனி காயாத காலையில் வெட்டினால் நீங்களே நோயைப் பரப்புவீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிறகு காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு மூன்று கிராம், புதுத்துளிர் வரும்போது தெளியுங்கள். கூடவே இலைத்துளைப்பானுக்கு மேலே சொன்ன காவல். ஒன்றை மட்டும் செய்தால் மற்றது அதைக் கெடுத்துவிடும்.

சொறி பழத்திலும் தண்டின் பட்டையிலும் ஏறியிருந்தால் நீங்களே சமாளிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 4: இலை சுருள்கிறது, ஆனால் கோடு இல்லை

இலைத்துளைப்பான் அல்ல. துளிரின் அடியில் கரியநிற அசுவினிக் கூட்டமும் மேலும் கீழும் போகும் எறும்பும் இருந்தால், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். இலையின் ஓரம் தின்னப்பட்டு, பறவை எச்சம்போல ஒரு புழு உட்கார்ந்திருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, கையால் எடுத்துவிடலாம். நரம்புக்கு இடையில் மட்டும் மஞ்சளாகி இலை சிறுத்தால் துத்தநாகக் குறைவு. இவற்றுக்கு இங்கே நீட்டி எழுதவில்லை.

அறிகுறி 5: மாவின் செந்துளிரில் வெளிறிய கொப்புளம், பிறகு தீய்ந்த ஓட்டை

ஆடி, ஆவணியில் மா விடும் செம்பு நிறத் துளிர் எவ்வளவு அழகு. அதில்தான் இது வரும். எலுமிச்சையில் கோடாக ஓடும் குடைவு மாவில் திட்டாகப் பரவும். மேல்தோல் உப்பிச் சாம்பல் வெள்ளையாக நிற்கும். வெயிலுக்குக் காட்டினால் உள்ளே சில புழுக்கள், இளம்பருவத்தில் வெளிறியும் முதிர்ந்தால் செந்நிறமாகவும். கொப்புளம் காய்ந்து உதிர்ந்து, முற்றிய இலையில் ஓட்டையாக மிஞ்சும். முந்திரி வைத்திருப்பவர்களுக்கு இதே பூச்சிதான்.

எட்டும் உயரத்தில் இருக்கும் ஒட்டுக்கன்று என்றால் கொப்புளத்தை விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். முதிர்ந்த புழு இறங்கி மண்ணில் கூட்டுப்புழுவாகிறது என்பதால், துளிர்ப்பருவம் முடிந்ததும் மரத்தடியை இரண்டு விரல் ஆழம் கிளறிவிட்டுக் கோழியை விடுங்கள். என் வீட்டுக் கோழிகள் இந்த வேலையை எந்த மருந்தைவிடவும் ஒழுங்காகச் செய்கின்றன. வளர்ந்த மரத்துக்கு வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

இரண்டு போலிகள் உண்டு. கத்தரியால் வெட்டியதுபோல இலைத்துண்டுகள் மரத்தடியில் பச்சையாக உதிர்ந்து கிடந்தால் அது இலை வெட்டும் கூன்வண்டு. அந்தத் துண்டில்தான் அதன் முட்டை இருக்கும், ஆகவே தினமும் கூட்டி எரிப்பதே மருந்து. துளிரில் கரும்புள்ளிகள் பரவி நுனி கருகினால் அது பூஞ்சை. காப்பர் மருந்து கேட்கும், வேப்பெண்ணெய் கேட்காது.

அறிகுறி 6: புங்கன் இலையில் வெள்ளைத் திட்டு அல்லது விரல்போன்ற முடிச்சுகள்

வெள்ளைத் திட்டு இலைத்துளைப்பான், முடிச்சு ஒருவகைச் சிலந்திப்பூச்சி. வாசலில் நிழலுக்கு நிற்கும் புங்கனுக்கு இரண்டாலும் ஒரு குறையும் வராது. பங்குனியில் இலை மாற்றும்போது தானே போகும். பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும் மரம் அது, தயவுசெய்து அதில் மருந்தடிக்காதீர்கள்.

அறிகுறி 7: தென்னையின் கீற்று தீய்ந்தது போலிருக்கிறது

இதையும் "இலையைத் துளைக்கிறது" என்றே கொண்டுவருகிறார்கள். கீற்றின் அடிப்பக்கம் பாருங்கள். நூலாம்படையும் புழுக்கையும் சேர்ந்த சுரங்கம்போன்ற கூடு இருந்து, அதற்குள் கரிய தலையுடைய புழு நெளிந்தால் அது கருந்தலைப்புழு. கீழ்மட்டைகளை வெட்டி எரிக்க வேண்டும். வட்டவட்டமாக வெள்ளை மெழுகும், கீழ்மட்டைகளின் மேல்புறம் கரும்பூசணமும் இருந்தால், 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ. அதற்குப் பூச்சிக்கொல்லி அடித்தால் அதை அழிக்கும் குளவியும் சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு இருபத்தைந்து கிராம் மைதாக் கஞ்சி தெளியுங்கள். காய்ந்து உரியும்போது பூசணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். ஒரு மரத்துக்கு மேல் பரவியிருந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

சொறிநோய் பழத்துக்கும் பட்டைக்கும் ஏறியபோது. மூன்று துளிர்ப்பருவம் விடாமல் வேம்பு தெளித்தும் கன்றின் புதுஇலையில் பாதிக்குமேல் சுருளும்போது. விற்பனைக்கு நாற்றங்கால் வைத்திருந்தால் முதல் கோட்டிலேயே. ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்துக்கு மருந்தடிக்க வேண்டும் என்று தோன்றும்போது. அந்த உயரத்தில் அடிக்கும் மருந்து உங்கள் முகத்தில்தான் இறங்கும். தென்னையில் கருந்தலைப்புழு கண்டபோது, ஏனென்றால் அதற்கு ஒட்டுண்ணிக் குளவி விடுவதே சரியான வழி, அது கடையில் கிடைக்காது.

போக வேண்டிய முதல் இடம் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். திருவாரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நீடாமங்கலத்திலும், நாகைப் பக்கத்துக்காரர்களுக்குச் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தென்னைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போக முடியாதவர்கள் உழவர் அழைப்பு மையத்தின் 1800 180 1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

போகும்போது ஒரே ஒரு இலையைச் சட்டைப்பையில் மடித்துக்கொண்டு போகாதீர்கள், அலுவலகம் சேர்வதற்குள் வதங்கிப் புழு செத்திருக்கும். இளந்துளிர், பாதி முற்றியது, முழுதும் முற்றியது என மூன்று நிலையிலும் இலையுள்ள ஒரு சாண் குச்சியாக வெட்டி, உலர்ந்த செய்தித்தாளில் சுற்றி, அதைப் பாலித்தீன் பையில் போட்டு வாயைத் தளர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், அழுகிவிடும். என்ன மருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அந்தப் பையோடு கொண்டுபோங்கள்.